தன் மேலேயே கேஸ் போட்ட எலியாஸ்

அப்பாசியா, குவைத்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தாரிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவருடைய சர்க்கரை மாத்திரை, பால்கனியில் இந்த வெயிலையும் தாங்கிக்கொண்டு நிற்கிற கறிவேப்பிலைச் செடி எல்லோரும் சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு (வைக்கமாட்டாய் என்று தெரியும், எழுதுவது என் கடமை) சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன மாதம் நீ என்ன சொன்னாய்? போனில் பேசினால் நீ கத்துகிறாய் அம்மா, அப்பா குறுக்கே பேசுகிறார், ஷார்ஜாவிலிருந்து மாமா வேறு லைனில் வந்து குட்டையைக் குழப்புகிறார், அதனால் நான் காலேபைக் கல்யாணம் செய்துகொள்ள உனக்குச் சம்மதமா இல்லையா என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு போதும், நீ சொல்லாமல் நான் மாலை போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாய். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது நிஜம். ஆனால் ஒரே ஒரு வார்த்தை என்றாயே, அதற்குத்தான் சிரிப்பு வந்தது. உன் அம்மா எந்தக் காலத்தில் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கிறாள்?

அமெரிக்கா போனதும் நான் யார் என்பதையே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்தில் யார் குவைத் மாப்பிள்ளை பார்த்தாலும் பெண்வீட்டார் முதலில் போன் செய்வது எனக்குத்தான். அக்கா, பையன் நல்ல வேலை என்கிறார்கள், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்பார்கள். நான் பையனைப் போய்ப் பார்க்கவே மாட்டேன், பார்த்தால் எல்லாப் பையனும் எழுந்து நின்று வணக்கம் ஆன்ட்டி என்பான். அவன் குடியிருக்கிற கட்டடத்துக்குக் கீழே இருக்கிற பக்காலாவுக்குத்தான் போவேன். மளிகைக்கடைக்காரனுக்குத் தெரியாத மாப்பிள்ளை உண்டா? நம் கட்டடத்துக் கடை சதக்கத்துல்லா பாய்க்கு இந்த ஏரியாவில் எல்லாக் கடைக்காரர்களும் பழக்கம், அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு எல்லாக் கதையும் வந்துவிடும். சுத்த சைவம் என்று ஜாதகத்தோடு எழுதிக் கொடுத்த பையன் வியாழக்கிழமை தவறாமல் முழுக் கோழி வாங்குகிறான் என்று கண்டுபிடித்தது யார்? இப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசாரித்தவள், பெற்ற பெண்ணுக்கு விசாரிக்காமல் சம்மதம் எழுதுவேனா? ஆனால் நீங்கள் இருக்கிற ரிச்மண்டில் எனக்கு ஒரு சதக்கத்துல்லா இல்லையே, அங்கே யாரைப் போய்க் கேட்பேன் என்று தூக்கமே வரவில்லை. அப்போதுதான் காலேபின் அம்மா மார்கரெட் முன்பு வீடியோ காலில் சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளைக்கார ராஜா ஆண்ட காலத்திலேயே எங்களுக்கு வர்ஜீனியாவில் நிலம் நீச்சு உண்டு, எலியாஸ் கார்விக் என்பவர்தான் எங்கள் வம்சத்து முதல் ஆள், எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது என்று அந்த அம்மாள் பெருமைக்குச் சொன்னார். எனக்கு அது அட்ரஸ் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பையனை விசாரிக்க வழியில்லாவிட்டால் என்ன, முப்பாட்டனை விசாரித்துவிட்டால் போகிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். முதல் நாள் இது வேண்டாத வேலை என்றார், இரண்டாம் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து பெரிய ஷீட் கொண்டுவந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கட்டடங்களுக்கு ஏசி காற்று போகிற டக்ட் வரைந்த மனுஷன் இல்லையா, கார்விக் வம்சத்தையும் அப்படியே வரைந்துவிட்டார். எலியாஸ்தான் மெயின் டக்ட், பிள்ளைகள் எல்லாம் கிளை டக்ட், வாரிசு இல்லாமல் போனவர்களுக்கு மூடி போட்டிருக்கிறார். ஹாலில் சோபாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் எந்த மால் இது என்று கேட்கிறார்கள். அதில் முதலில் கிடைத்த செய்தியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன் சிகரெட் பிடிப்பானா என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டேன், தொடவே மாட்டான் அம்மா என்றாய். அவன் தொடவில்லை சரி, ஆனால் அவன் வம்சம் முழுக்கப் புகையிலைதானேடி பயிர் செய்திருக்கிறது! கப்பல் கப்பலாக லண்டனுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இதை ஏன் சொல்லவில்லை?

அடுத்தது, இந்த எலியாஸ் மார்கரெட் சொன்ன மாதிரி ஜமீன்தாராக வந்து இறங்கவில்லை. கப்பல் டிக்கெட்டுக்குக் கையில் காசில்லாமல், அதற்கு ஈடாகச் சில வருஷம் இன்னொருவனிடம் உழைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவன். நடுவில் வேறு இடத்துக்கு வேலை மாற முடியாது, முதலாளியைக் கேட்காமல் கல்யாணம்கூடக் கூடாதாம். படித்ததும் உன் அப்பா, அட, இங்கே நம் விசாவைக் கையில் வைத்திருக்கிற கஃபீல் மாதிரி என்றார். எனக்கு அவன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. காண்ட்ராக்டில் வந்த பிள்ளை, வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தவனுக்கு யார் சமைத்துப் போட்டார்களோ என்று நினைத்தேன். ஆனால் அவன் காண்ட்ராக்ட் முடிந்ததும் செய்த காரியத்தைக் கேள். அந்த நாட்டில் அப்போது ஒரு சட்டம், கப்பல் செலவு கொடுத்து ஒரு ஆளைக் கூட்டி வந்தால் ஆளுக்கு ஐம்பது ஏக்கர் நிலம் தருவார்கள். நம் எலியாஸ் ஆள் ஆளாகக் கூட்டிக்கூட்டி வந்து மூவாயிரம் ஏக்கருக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான். நேற்றுவரை லேபர் கேம்ப்பில் இருந்தவன் இன்றைக்கு மேன்பவர் சப்ளை கம்பெனி நடத்துகிறான் என்று வைத்துக்கொள்ளேன், இங்கே நாம் பார்க்காத கதையா?

இதுவரை சரி. இதற்குப் பிறகுதான் வினையே. எலியாஸ் கார்விக்குக்கு மேரி என்று ஒரு மனைவி. நல்லது. அதே எலியாஸ் கார்விக்குக்கு ஹானா என்று இன்னொரு மனைவி, மேரி உயிரோடு இருக்கும்போதே. போகட்டும் என்றால் மூன்றாவதாக ஒரு சாராவும் வருகிறாள், அவளுக்கு இரட்டைப் பிள்ளை, அது பிறக்கும்போது எலியாஸுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உன் அப்பா மட்டும் அந்தக் கால நெய், அந்தக் காலச் சாப்பாடு என்று ஏதோ முணுமுணுத்தார், நான் ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இது போதாதென்று ஆள் மூன்று முறை செத்திருக்கிறான். முதல் இரண்டும் வதந்தியாக இருக்கும் என்று உன் அப்பா முடிவு செய்தார். கடைசியில்தான் அந்தக் கேஸ் கிடைத்தது. வேலியைத் தாண்டி வந்து பன்றிகள் பயிரை மேய்ந்துவிட்டன என்று ஒரு வழக்கு. போட்டவன் எலியாஸ் கார்விக், எதிராளி எலியாஸ் கார்விக். தன் பன்றி தன் பயிரை மேய்ந்ததற்குத் தன் மேலேயே கேஸ் போட்டு, ஜெயித்தும் இருக்கிறான், தோற்றும் இருக்கிறான். மூன்று பெண்டாட்டி கட்டினால் யாருக்குத்தான் புத்தி கலங்காது என்று நான் நினைத்தேன். ஆனால் இது ரத்தத்தில் வருகிற விஷயமாயிற்றே, காலேபுக்கும் வந்துவிட்டால் என் பெண் என்ன ஆவாள்?

இதை நான் உன் பாஸ்கர் மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. தம்பியாயிற்றே, மனப்பாரத்தை வேறு யாரிடம் இறக்குவது என்று சொல்லிவிட்டேன். அவன் ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்த கராஜில் இருபது வண்டிச் சத்தத்துக்கு நடுவே இருந்துகொண்டு, எனக்குக் காது கிழியும்படி கத்தினான். அக்கா, மூணு பொண்டாட்டி கட்டுனவன் குடும்பத்துக்கா என் அக்கா மகளைக் குடுக்கப் போற, தாய்மாமன்னு சபையில நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன், நான் வரல, மாலையும் எடுத்துக் குடுக்கமாட்டேன், கலாஸ், முடிஞ்சுது என்று போனை வைத்துவிட்டான். தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறதா? உனக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார்ந்து அவன் சட்டையெல்லாம் மூக்கைச் சிந்தினாய்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது எழுதுகிறதைக் கோபப்படாமல் படி. போன வெள்ளிக்கிழமை நீ லேப் டியூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானே காலேபுக்கு வீடியோ கால் போட்டேன். மாமாவையும் அதிலே சேர்த்துவிட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று காலேபிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் சொல்லியிருந்தால், இதை இப்போதுதான் தெரிந்துகொள்கிற மாதிரி வைத்துக்கொள்.

பாவம் அந்தப் பிள்ளை, என்னவோ ஏதோ என்று அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான், பட்டன் மாறிப் போட்டிருந்தது. உன் மாமாவுக்குத் தமிழ் தெரியாதவர் யாராக இருந்தாலும் வாயில் இந்திதான் வரும், அத்தனை வருஷத்துப் பழக்கம். எடுத்த எடுப்பில், அச்சா பாய், தீன் பீவி கியோன் என்று கேட்டுவிட்டான். மூன்று மனைவி எதற்கு என்று கேட்டது புரியாமல், காலேப் மரியாதையாகத் தலையை ஆட்டி யெஸ் அங்கிள் என்றான். மாமா என்னைப் பார்த்து, பாத்தியா, ஒத்துக்கிட்டான் என்றான். நான் நடுவில் புகுந்து என் இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கினேன். மேரி, ஹானா, சாரா, இரட்டைப் பிள்ளை, மூன்று சாவு, பன்றிக் கேஸ் எதையும் விடவில்லை. உன் அப்பா டக்ட் ஷீட்டைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். காலேப் அதை மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டான். எலியாஸ் ஒரு ஆள் இல்லையாம் தாரிணி, மூன்று ஆளாம்! அப்பன் எலியாஸ், மகன் எலியாஸ், பேரன் எலியாஸ். ஆளுக்கு ஒரு மனைவி, ஆளுக்கு ஒரு சாவு. மகன்மேல் அப்பன் போட்ட கேஸ் அது, பன்றி மகனுடையது.

இதை நான் எப்படி நினைத்துப் பார்ப்பேன், நீயே சொல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம், அதுதான் உலக வழக்கம். அப்பன் உயிரோடு குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அவன் பெயரையே மகனுக்கு வைப்பார்களா யாராவது? அந்த வீட்டில் ஒரு பொம்பளை தன் பிள்ளையை எப்படித் திட்டுவாள்? டேய் எலியாஸ், எருமை மாடே, எழுந்திருடா என்றால் மாமனார் எழுந்து வருவார், பின்னாலேயே புருஷனும் வருவான். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்றுதானே என் பாட்டி காலத்தில் பிள்ளைக்கு வேறு செல்லப் பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் காலேபிடம் சொன்னேன். ரொம்ப நியாயம், அந்த ஹானா பாவம் என்று ஒத்துக்கொண்டான். மாமாவுக்கும் முகம் தெளிந்துவிட்டது, ஆனால் உடனே இறங்கி வந்தால் கௌரவம் என்ன ஆவது, அதனால் அந்த மூவாயிரம் ஏக்கர் எங்கே போச்சு என்று ஒரு அதட்டல் போட்டான். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்ததில் கொஞ்சம், ஒரே பயிரைப் போட்டுப் போட்டு மண் செத்ததில் கொஞ்சம், ஒருவன் குதிரைப் பந்தயத்தில் விட்டது மிச்சம், இப்போது என்னிடம் இருப்பது ஒரு தொட்டித் தக்காளிச் செடி மட்டும் என்றான் காலேப். மாமா பெருமூச்சு விட்டு, நம்ம ஊர் கதைதான்க்கா என்றான். அத்தோடு விசாரணை முடிந்தது என்று நானும் காபி போட எழுந்துவிட்டேன்.

அப்போது காலேப் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன் என்றான். சிரிப்பெல்லாம் போய்விட்டது அவன் முகத்தில். முதல் எலியாஸ் காண்ட்ராக்டில் ஆள் கொண்டுவந்தான், ஆனால் மகன் எலியாஸ் காலத்தில் அது மாறிவிட்டதாம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்துக்கொண்டு வந்த மனுஷர்களை விலைக்கு வாங்கி அந்தப் புகையிலையில் உழைக்க விட்டானாம். அவர்களுக்கு இத்தனை வருஷம் என்று முடிவே கிடையாது, சாகிறவரை அடிமை, பிறக்கிற பிள்ளையும் அடிமை. அந்த நிலத்தைப் பற்றிப் பேசினால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், என் அம்மாவுக்கு இதைப் பேசப் பிடிக்காது, அதனால் நான் சொல்கிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அந்த மனுஷர்களின் பெயர்களைத் தேடுகிறானாம், அவர்கள் வழியில் வந்த ஒரு அம்மாளைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினானாம், அவர் முதல் இரண்டுக்குப் பதில் போடவில்லை, மூன்றாவதற்குப் போட்டாராம். உன்னிடம் பழகிய புதிதிலேயே இதைச் சொல்லிவிட்டானாம். நீதான், அம்மாவிடம் மட்டும் சொல்லாதே, காரியம் கெட்டுவிடும் என்றாயாமே? என்னடி பெண் நீ! அவன் உன் பேச்சை மீறி எங்களிடம் சொன்னான். எதற்கப்பா சொன்னாய், நான் கேட்கவே இல்லையே என்றேன். நீங்கள் உங்கள் பெண்ணுக்காக விசாரிக்கிறீர்கள், கேட்கத் தோன்றாத கேள்விக்கும் உங்களுக்குப் பதில் வர வேண்டும் இல்லையா என்றான். உன் மாமா கராஜில் யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பாவிடம் கேட்டேன். மன்னார்குடியில் உங்கள் தாத்தா நிலம் என்று எப்போதும் பேசுகிறீர்களே, அதை உழுதது யார் என்றேன். பண்ணையாட்கள் என்றார். அவர்கள் பெயர் என்ன என்றேன். யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார், தெரியவில்லை சுசீலா என்றார். எத்தனையோ சம்பந்தத்துக்கு எத்தனை ஏக்கர், எத்தனை போகம் என்று விசாரித்திருக்கிறேன், யார் உழுதார்கள் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. யாரும் கேட்கச் சொன்னதும் இல்லை. இந்த வாரம் முழுக்க உன் அப்பா ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இதுவரை வீரம்மாள் என்று ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அதற்கென்று ஒரு புது ஷீட் எடுத்திருக்கிறார்.

உன் மாமா மறுநாளே போன் செய்தான். வருவதாக வாயால் சொல்லவில்லை, சொல்லுவானா? துபாய் சத்வாவில் ஒரு டெய்லரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறேன், மெரூன் கலர் நல்லா இருக்குமா அக்கா என்று கேட்டான். இருக்கவே இருக்காது, மாமாவுக்கு வயிறு முன்னால் வருகிறது, கருநீலம் எடுக்கச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் வேண்டுமென்றே மெரூன் எடுப்பான். மார்கரெட் அம்மாளுக்குப் பட்டுப்புடவை எடுத்திருக்கிறேன், கட்டத் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம், நான் கட்டிவிடுகிறேன், ஆனால் எலியாஸ் மூன்று பெண்டாட்டி கட்டினதாக நான் நினைத்ததை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்குக் காலேப் என்று மட்டும் பெயர் வைக்கக் கூடாது, அது என் கண்டிப்பான உத்தரவு, திட்டுவதற்கு வசதியாக ஒரு பெயர் வையுங்கள்.

இன்னும் ஒன்று. ஊர்க்காரர்கள் பையனைப் பற்றிக் கேட்டால் சம்பளம், ரூம், பழக்கவழக்கம் எல்லாம் சொல்வேன், ஆனால் நல்லவன் என்று மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பொறுப்பு? அதனால் முடிவை அவர்களிடமே விட்டுவிடுவேன். இத்தனை பையன்களை விசாரித்ததில் எல்லோரும் ஏதாவது ஒன்றை மறைத்தார்கள், நான் கண்டுபிடித்தேன். தன் வீட்டுக் குறையை நான் கேட்காமலே கொண்டுவந்து என் முன்னால் வைத்தவன் இவன் ஒருத்தன்தான். பையன் நல்லவன் தாரிணி. பொறுப்பு என்னுடையது.

இருவரும் தீர்க்காயுசாக, மனம் ஒத்து, ஒருவரை ஒருவர் சிரிக்கவைத்துக்கொண்டு இருக்க என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும். சட்டைப் பட்டனை ஒழுங்காகப் போடச் சொல். எண்ணெயை மறக்காதே.

சம்மதத்துடன்,
உன் அம்மா
சுசீலா